வீட்டுப் பிள்ளையை எண்ணுவதில்லை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டிவலி போகவும் இல்லை, கூடவும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த இருமல் விட்டதா?

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. நான் இருந்தேன். லைசென்ஸ் ஆபீசிலிருந்து வந்த ஆபீசர் பெண் இருந்தாள். உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். கூப்பிடாமலே மாடியிலிருந்து இறங்கி வந்து கதவோரம் நின்ற, நமக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் இருந்தார். தையல்காரியின் இரட்டைப் பையன்கள், நர்ஸின் மகன், பஸ் டிரைவரின் மகள், ரொட்டிக்கடைக்காரரின் கைக்குழந்தை. கட்டிலுக்கு அடியில் உன் மகள், நம் சுண்டெலி.

வீட்டில் வைத்து அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் நானும் எழுதிப் போட்டேன் இல்லையா? அதற்குத்தான் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பாலை முகர்ந்தாள். வெந்நீர்க் குழாயில் கை வைத்துப் பார்த்தாள். மருந்து வைக்கிற அலமாரி பிள்ளைக்கு எட்டுமா என்று முழங்காலிட்டுக் கையை நீட்டினாள். கழிவறைக்குப் போய் ஒரு மூலையில் குனிந்து மோப்பம் பிடித்தாள். என் மாமியார்கூட என் வீட்டை இப்படி முகர்ந்ததில்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில், "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றாள்.

"அஞ்சு."

பேனாவை நீட்டி நீட்டி எண்ணினாள். "ஒரு ஆளுக்கு அஞ்சுதான் விடுவோம். சரியா இருக்கு" என்று எழுதப் போனாள். அப்போது நம் சுண்டெலி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முதுகெல்லாம் தூசி. இரட்டையர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அப்ப நானு?" என்றாள்.

"இது யாரும்மா?"

"அது நம்ம வீட்டுப் பிள்ளை. என் பேத்தி. கணக்குல வராது."

"ஏன், அது பிள்ளை இல்லையா?"

வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

நீயே சொல். கழிவறையிலிருந்து வந்தால் எண்ணுகிறேன், தூங்கப் போடும்போது எண்ணுகிறேன், சாயங்காலம் ஒவ்வொருத்தராகக் கூட்டிக்கொண்டு போகும்போது எண்ணுகிறேன். ஊரார் பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், எண்ணுகிறேன். நம் பிள்ளை நம்மோடு இருக்கிறது. அதை எதற்கு எண்ண?

பள்ளிக்கூடம் போகாத வயதென்றால் சொந்தப் பிள்ளையும் சேர்த்திதானாம். இன்னொரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கு அறை போதாதாம். ஜூலை முடிவதற்குள் ஒரு பிள்ளையைக் குறைத்தால் லைசென்ஸ், இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அதையும் மறக்கப் போவதில்லை.

உடனே பதில் போடு. சுண்டெலி உனக்கு முத்தம் தரச் சொன்னாள். தாளில் கொடுத்திருக்கிறாள், ஈரமாக இருந்தால் அதுதான்.

உன் அம்மா

மார்ச் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. முட்டிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

இங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை அதிகம். போன வாரம் எனக்குத் தவழ்கிற பிள்ளைகள் அறை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கத் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபீசர் பெண்மேல் கோபப்படாதே அம்மா. அவள் வேலை அது. எங்கள் காப்பகத்துக்கும் வருவார்கள், இதைவிட மோசமாக முகர்வார்கள்.

சுண்டெலி நிஜமாகவே தானாகப் போய் நின்றாளா? யாரும் கூப்பிடாமலா? அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தாள்? எழுது.

உன் மகள்

மார்ச் 23

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன்.

மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தாள், பொத்தான் ஒன்று இல்லாதது. வீடே மூழ்கப் போகிறது என்று எழுதினால் நீ சட்டை நிறம் கேட்கிறாய். ஒன்றை மட்டும் கவனித்தேன். பேத்தியும் கணக்கில் சேர்த்தி என்றதற்கு நீ ஆச்சரியப்படவே இல்லை.

யாரை அனுப்புவது என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. இரட்டையரில் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்துக்கொள்ள முடியுமா? நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்து தூங்க வேண்டும், அவள் புருஷன் ஊரில் இல்லை. ரொட்டிக்கடைக்காரர் பிள்ளை என் கை பட்டால்தான் புட்டிப்பால் குடிக்கிறது. பஸ் டிரைவர் மகள் வந்த புதிதில் வாயே திறக்காது. இப்போது என்னிடம் மட்டும் நாலு வார்த்தை பேசுகிறது. அதைப் போய் வேறு வீட்டில் விட்டால் திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நீ எனக்கு ஒரு கடிதம் எழுது, ஆபீசில் காட்டுவதற்கு. அதில் ஒரு வரி போதும்: "என் மகள் என்னுடன்தான் வசிக்கிறாள், பாட்டி வீட்டுக்கு எப்போதாவது வந்து போவாள்." கீழே கையெழுத்துப் போடு. அவள் இங்கேதான் இருப்பாள், தாளில் மட்டும் உன்னிடம் இருப்பாள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆபீசில் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னார்கள், போனேன். எல்லாம் சின்னச் சின்னப் பெண்கள். ரப்பர் பொம்மையைக் கொடுத்து, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது, என்ன செய்வீர்கள் என்றார்கள். கவிழ்த்துப் போட்டு முதுகில் ஒரு போடு போட்டேன். பொம்மையின் கை கழன்று விழுந்தது. "பிள்ளைன்னு நினைச்சு தட்டுங்கம்மா, புருஷன்னு நினைக்காதீங்க" என்றாள் வகுப்பு எடுத்தவள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. எத்தனை விரலால், எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். இத்தனை வருஷம் நான் தப்பாகத்தான் தட்டியிருக்கிறேன்.

அந்த வரியை மறக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

ஏப்ரல் 29

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை, அதனால் உன் சுகம் தெரியவில்லை. காய்ச்சலா? வேலையில் ஏதாவது பிரச்சினையா? அந்த ஆள் திரும்பி வந்து வாலாட்டுகிறானா? சுண்டெலி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வந்து, வந்த வேகத்தில் போனவன். அவன் அன்றைக்குப் போட்டிருந்த செருப்புவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒரு வரியை எழுத இவ்வளவு நாளா?

அம்மா

மே 6

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னித்துக்கொள், காய்ச்சல் ஒன்றும் இல்லை. அவனும் வரவில்லை. அறை மாறினேன், அந்த அலைச்சலில்தான் எழுதவில்லை. விடுதியில் நாலு பேரோடு இருந்தது போதும் என்று தோன்றியது. இப்போது தனி அறை. சின்னதுதான், ஆனால் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. எதிரே சைக்கிள் பழுது பார்க்கிற கடை. ஜன்னலுக்கு உள்பக்கம் கம்பி போட்டுத் தரச் சொன்னேன், போட்டுக் கொடுத்தார்கள். அறையிலிருந்து காப்பகத்துக்கு நடந்தே போகலாம்.

உன் முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

சுண்டெலியின் கால் அளவு என்ன? ஒரு தாளில் காலை வைத்து வரைந்து அனுப்புகிறாயா?

உன் மகள்

மே 15

அன்பு மகளுக்கு,

நலம்தான். கால் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கூச்சத்தில் காலை ஆட்டிவிட்டாள், அதனால் சுண்டுவிரல் மட்டும் நீளமாக வந்திருக்கிறது, அதை நம்பாதே.

நீ அறை மாறியதை எழுதினாய், ஜன்னலை எழுதினாய், சைக்கிள் கடையை எழுதினாய். நான் கேட்டதைத் தவிர எல்லாவற்றையும் எழுதினாய். நான் அதிகம் படிக்காதவள்தான், ஆனால் எது எழுதப்படவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதித் தராததால் வேறு வழி பார்த்தேன். ஆபீசர் பெண் வரும்போது சுண்டெலி மாடியில் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அந்த மனுஷனிடம் போய்க் கேட்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ நினைத்துக்கொள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். சரி என்றார்.

ஒத்திகை பார்த்தோம். "கதவு தட்டுற சத்தம் கேட்டா நீ மேல போயிடணும். யார் கேட்டாலும் நான் மேல் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லணும், சரியா?"

"நான் மேல் வீட்டுப் பிள்ளையா?"

"கொஞ்ச நேரத்துக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் நம்ம வீட்டுப் பிள்ளை."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் தையல்காரி பையன்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள், விளையாட்டாக அவள் கன்னத்தைக் கிள்ளி, "ஏய் சுண்டெலி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றாள். இவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "மேல் வீடு" என்றாள். தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அதை விடு. அந்த வரியை எழுதி அனுப்பிவிடு. அவளை மாடிக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை.

அம்மா

மே 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். படிக்கும்போது உட்கார்ந்து படி.

நீ கேட்ட வரியை மார்ச்சிலேயே எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. "என் மகள் என்னுடன்தான் வசிக்கிறாள்." கையெழுத்தும் போட்டேன். பிறகு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அதற்கு மேல் உறையில் போட முடியவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போட எனக்குப் பயம் இல்லை அம்மா. அந்த வரி எனக்கு வேண்டியிருந்தது. அதை ஆபீசுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

எட்டு மாதத்துப் பிள்ளையை உன்னிடம் கொடுத்தேன். "நீ கால் ஊன்று, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாய். ஊன்றிவிட்டேன் என்று சொல்ல இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை நீ அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாம் தடவை அவள் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், நீயும் தூங்கிக்கொண்டிருந்தாய், வாயைத் திறந்துகொண்டு. கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு இடம் தருவார்கள். கேட்டு வைத்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டது அவளுக்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள். நீ லைசென்ஸுக்கு எழுதிப் போடும்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புதிதாக வந்த ஒரு பிள்ளையை அப்போதே வேண்டாம் என்றிருப்பாய். என் மகளை அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றியிருக்காது. ஆபீசர் சொன்னாலாவது தோன்றுமா என்று பார்த்தேன். அப்போதும் தோன்றவில்லை. யாரை அனுப்புவது என்று அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தராக எழுதினாய், அவளை எழுதவே இல்லை.

அவள் தன் அம்மா வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டும் அம்மா. யார் கேட்டாலும்.

கோபப்படு. ஆனால் எழுது.

உன் மகள்

ஜூன் 20

அம்மா,

நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரியாவது போடு. திட்டியாவது போடு. முட்டி மோசமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நான் கேட்டதை மறந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

உன் மகள்

ஜூலை 2

அன்பு மகளுக்கு,

முட்டிக்கு ஒன்றும் இல்லை. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான், வேறு காரணம் தேடாதே. உன் கடிதத்தைப் படித்த அன்று பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. நர்ஸ் மகன் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான்.

உனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தாய். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்னிடம் கேட்க முடியாமல் இரண்டு தடவை பஸ் ஏறினாய். அதையும் மறக்க மாட்டேன், ஆனால் அது வேறு மாதிரி.

நேற்று அவளுக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டேன். "அம்மாகிட்ட போயி இருக்கியா?"

"நர்ஸம்மா பையன் வரானா?"

"அவன் எதுக்கு? அவனுக்கு அவன் அம்மா இருக்கா."

"எனக்கும்தான் இருக்கா" என்றாள்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். 

வந்து கூட்டிக்கொண்டு போ. அவளைப் பற்றிச் சிலது தெரிந்துகொள். பாலில் ஆடை படிந்தால் தொட மாட்டாள், எடுத்துவிட்டுக் கொடு. கோபம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போவாள், இழுக்காதே, நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார், தானாக வருவாள். உன் அறையில் கட்டில் உயரமா? தாழ்வாக இருந்தால் தலையில் இடித்துக்கொள்வாள். சட்டையைத் தானே போட்டுக்கொள்வாள், பின்பக்கம் முன்னால் வரும், மாற்றச் சொன்னால் அழுவாள், விட்டுவிடு. தூங்கப் போகுமுன் காதைத் தடவ வேண்டும். இடது காது. வலது காதைத் தடவினால் கையைப் பிடித்து இந்தப் பக்கம் வைத்துவிடுவாள். இதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீயாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. அப்புறம் பிள்ளை தூங்காதே என்று எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையில் வா. மற்ற பிள்ளைகள் இல்லாத நாளில்.

அம்மா

ஜூலை 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். நாங்கள் இரண்டு பேரும் என்று எழுத எனக்கு இன்னும் பழகவில்லை.

முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் ஜன்னலில் ஏறி நின்று சைக்கிள் கடைக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அவர் தன் பேரைச் சொன்னால் இவள், "நான் சுண்டெலி, இது எங்க அம்மா வீடு" என்கிறாள். கேட்காதவர்களிடமும் சொல்கிறாள். காப்பகத்தில் பேர் கூப்பிடும்போது சுண்டெலி என்று கூப்பிட்டால்தான் கை தூக்குவேன் என்று அடம். எங்கள் பொறுப்பாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கூப்பிடுகிறார்.

கட்டில் உயரம்தான், இடிக்கவில்லை. இடது காதைத்தான் தடவுகிறேன். நீ எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "பாட்டி இப்ப எல்லாரையும் எண்ணிட்டு இருப்பா" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் சாப்பிட்டாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

உன் மகள்

ஆகஸ்ட் 9

அன்பு மகளுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, இப்போது உன்னைப் பார்த்துச் சாப்பிட ஒருத்தி இருக்கிறாள்.

லைசென்ஸ் வந்துவிட்டது. உள்ளே வருகிறவர்கள் கண்ணுக்குப் படுகிற இடத்தில் மாட்ட வேண்டுமாம், மாட்டியிருக்கிறேன். என் பேரும் ஐந்து என்ற எண்ணும் இருக்கிறது.

கொடுப்பதற்கு முன்னால் ஆபீசர் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றாள்.

"ஆறு" என்றேன்.

அப்படித்தான் வாயில் வந்தது. சுண்டெலி இருந்தவரை அவளை ஒருநாளும் எண்ணியதில்லை. போனதிலிருந்து எண்ணும்போதெல்லாம் ஆறு வருகிறது, அஞ்சில் நிறுத்த முடியவில்லை. ஆபீசர் பெண் பேனாவை நீட்டி எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பிறகு எழுந்து போய், குனிந்து, கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"அஞ்சுதாம்மா இருக்கு" என்றாள் மெதுவாக.

"ஆமா. அவ அம்மாகிட்ட போயிட்டா."

 தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். முழுசாகக் குடித்தாள். அவளை மன்னித்துவிட்டேன்.

வீட்டுக்காரரையும் மன்னித்தாகிவிட்டது. நீங்கள் கிளம்பிய அன்று, உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தார் இல்லையா? திரும்பி வரும்போது என்னோடு மெதுவாக நடந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷன் பேசாமல் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். அந்த வெறுங்கை ஆசாமியைப் பற்றிக் கேட்காதே. இவ்வளவு நல்ல பிள்ளையைப் பார்க்காமல் போனான், அதற்கு மேல் நான் அவனை என்ன செய்ய?

உன்னையும் மன்னித்துவிட்டேன். நீ சொல்லாமல் இருந்ததற்கு உன்மேல் கோபம் வேண்டும் என்று எவ்வளவோ பிடித்து வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

பஸ் டிரைவர் மகள் நேற்று இரட்டையரோடு பேசியது. கைக்குழந்தைக்கு ஒரு பல் வந்திருக்கிறது. இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த லீவில் ஒரு நாளாவது வந்து போங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கிளம்பிய அன்று, பஸ் வந்ததும் நீ முதலில் அவளைத் தூக்கி ஏற்றினாய். நீ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்தாய், அழுதாய், ஏதேதோ சொன்னாய். அவள் சீட்டில் முழங்காலிட்டு முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வண்டியை எடுத்தார். அவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பார்த்து அவளும் கையைத் திருப்பித் திருப்பி ஓட்டினாள். நான் தெருமுனைவரை வந்தேன், இந்த முட்டியோடு. பஸ் திரும்பி மறைகிறவரை நின்றேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

எல்லாரையும் மன்னித்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெரியவளானதும் அவளிடம் சொல், பாட்டி இப்படி எழுதியிருந்தாள் என்று. மன்னிக்காதது உன் மகளைத்தான். நம் சுண்டெலியை.